மொட்டைமாடிச் சாவி யாரிடம்?

பள்ளி, கல்லூரிக் கட்டடங்களைப் பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். ஒரு பை நிறையக் கடிதம் வந்துவிட்டது. புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: நான் பொதுப்பணித்துறையில் கட்டடப் பிரிவில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக் காலம் பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் கழிந்தது. எந்தப் பள்ளிக்குப் போனாலும் டீ வருவதற்குள் ஒரு கேள்வி கேட்டுவிடுவேன்: "மொட்டைமாடிச் சாவி யாரிடம் இருக்கு?" பெரும்பாலும் அதற்கப்புறம் அரைமணி நேரம் சாவி தேடும் படலம்தான். கட்டடத்தின் நிலைமை எனக்கு அங்கேயே பாதி தெரிந்துவிடும்.

எங்கள் நடுநிலைப் பள்ளிக் கட்டடம் 1990களில் கட்டியது. ஐந்தாம் வகுப்பு அறையின் கூரையிலிருந்து முறம் அளவுக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, பிள்ளைகள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிகிறது. ஊர் மேஸ்திரி, "மூணு மூட்டை சிமென்ட் போதும், பூசிடலாம் டீச்சர்" என்கிறார். பூசலாமா ஐயா?
— ஒரு தலைமையாசிரியை, வேதாரண்யம் பக்கம்

பூசாதீர்கள் அம்மா. முதல் வேலையாக அந்த அறையைப் பூட்டுங்கள். பிள்ளைகளை அதே கட்டடத்தின் வராந்தாவில் உட்கார வைக்காதீர்கள். தளம் ஒன்றுதானே, அறைக்கு வந்தது வராந்தாவுக்கும் வந்திருக்கும்.

கம்பி துருப்பிடித்தால் இளைக்கும் என்று நினைக்கிறோம். கம்பி இளைக்கத்தான் செய்கிறது, ஆனால் அதன்மேல் படியும் துரு உப்புகிறது. தின்ற இரும்பைப்போல இரண்டு மூன்று மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த உப்பல்தான் கீழே இருக்கும் காங்கிரீட்டைத் தள்ளிவிடுகிறது. உங்கள் ஊரில் உப்பளக் காற்று வேறு. அந்தக் காலத்தில் தளத்தின் அடிக்கம்பிக்குக் கீழே 15 மில்லிமீட்டர் காங்கிரீட் இருந்தால் போதும் என்று விதியே இருந்தது. 2000-ல் திருத்திய ஐ.எஸ். 456 (காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி) கடலோரத்துக்கு 45 மில்லிமீட்டர் கேட்கிறது. உங்கள் கட்டடம் பழைய கணக்கில் கட்டியது. கலவைக்கு எந்தக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினார்கள் என்பது அந்தக் கடவுளுக்கே வெளிச்சம்.

ஒரு நீளமான மூங்கில் கழியை எடுத்து, தலையில் விழாதபடி ஓரமாக நின்றுகொண்டு, கூரையைச் சாண் சாணாகத் தட்டச் சொல்லுங்கள். நல்ல காங்கிரீட் 'டங்' என்று கெட்டியாகச் சத்தம் தரும். உள்ளே விட்டுப்போன இடம் பானையைத் தட்டியதுபோல 'பொத்' என்னும். 'பொத்' என்ற இடங்களுக்கு நேர் கீழே, தரையில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். வட்டங்கள் தரையை நிறைத்துவிட்டால் பழுதுபார்க்கும் பேச்சே வேண்டாம். நாலைந்து இடம்தான் என்றால் காப்பாற்றிவிடலாம். அதற்கும் முதலில் மாடியில் ஒழுகலை நிறுத்த வேண்டும். அப்புறம் விட்டுப்போன காங்கிரீட்டைக் கம்பியின் பின்பக்கம் விரல் போகும் அளவுக்குக் கொத்தி எடுத்து, கம்பிப் பிரஷ்ஷால் துரு போகத் தேய்த்து, இளைத்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த சாந்தால் அடைக்க வேண்டும். வெறும் சிமென்ட் பூச்சு துருவுக்குப் போட்ட போர்வை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வேலையில் சேர்ந்த புதிதில், கணக்கு முடிக்கும் ஒரு மார்ச் மாதத்தில், இதே மாதிரி ஒரு வகுப்பறையை நான் பூசச் சொன்னேன். வெள்ளையும் அடித்து, பில்லும் எழுதிவிட்டேன். இரண்டாவது மழைக்காலத்தில் அந்தப் பூச்சு தன்னோடு பழைய காங்கிரீட்டையும் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. முன்வரிசை பெஞ்சு இரண்டாகப் பிளந்திருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஊர் பெயர் வேண்டாம். பிளந்த பலகை எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

இனி காகித வேலை. உங்களுடையது ஒன்றியப் பள்ளி என்றால் கட்டடம் ஊராட்சி ஒன்றியத்துக்குச் சொந்தம். வட்டார வளர்ச்சி அலுவலருக்குக் கடிதம், வட்டாரக் கல்வி அலுவலருக்கு நகல். பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த போட்டோ, சாக்பீஸ் வட்டத்தின் போட்டோ, பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம் மூன்றையும் இணையுங்கள். கடிதத்தைக் கொடுத்ததற்குக் கையெழுத்தும் சீலும் வாங்காமல் திரும்பாதீர்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுக்கப் பள்ளிக் கட்டடங்களைச் சோதிக்க உத்தரவு வந்தது, பழுதான பல கட்டடங்கள் இடிக்கப்பட்டன. அதனால் 'இடிக்க வேண்டியது' என்று பொறியாளர் எழுதிக் கொடுத்தால் இப்போது யாரும் அதைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது. இடிக்கும்வரை சுற்றிலும் முள்வேலி போடுங்கள். கயிறு கட்டினால் போதாது, நிழல் இருக்கிற இடத்துக்குப் பிள்ளைகள் போகத்தான் செய்வார்கள்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் பெண்கள் கழிப்பறை எப்போதும் பூட்டியே இருக்கிறது. அதிகாரி வரும் நாளில் மட்டும் திறக்கிறார்கள். காலையில் தண்ணீர் குடிக்காமல் போகிறாள். யாரிடம் முறையிடுவது?
— ஒரு தாய், விழுப்புரம் மாவட்டம்

பூட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள் அம்மா. நான் பார்த்தவரை தண்ணீர் வராத கழிப்பறைதான் பூட்டப்படுகிறது. குழாயில் தண்ணீர் இல்லை, கழுவ ஆள் இல்லை, இரண்டு நாளில் நாறிவிடும், பூட்டிவிடுவார்கள். தலைமையாசிரியரைத் திட்டுவதால் தண்ணீர் வராது.

40 பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறை என்பது கணக்கு. 300 பெண்கள் படித்தால் எட்டு வேண்டும். எட்டு கட்டியிருப்பார்கள், அதில் எத்தனைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறது என்று எண்ணுங்கள். தாழ்ப்பாள், துணி மாட்ட ஒரு ஆணி, ஒரு வாளி, மூடியுள்ள குப்பைக்கூடை. இந்த நாலும் சில நூறு ரூபாய்தான். இவை இல்லாவிட்டால் டைல்ஸ் ஒட்டிய கழிப்பறைக்கும் பெண்கள் போக மாட்டார்கள்.

பணம் பற்றி ஒரு கணக்கு. சமக்ர சிக்ஷா என்ற ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் வருகிறது. 251 முதல் 1,000 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு வருடத்துக்கு 75,000 ரூபாய். அதில் குறைந்தது 10 சதவீதம் சுகாதாரத்துக்கு என்று விதி. 7,500 ரூபாய். 200 பள்ளி நாளால் வகுத்தால் நாளுக்கு 37 ரூபாய் சொச்சம். பினாயிலுக்கும் துடைப்பத்துக்குமே இழுபறிதான். அதனால் இதைத் தலைமையாசிரியர் ஒருவர் தலையில் கட்டாதீர்கள். மேலாண்மைக் குழுவில் பாதிக்குமேல் பெற்றோர்கள்தான். கூட்டத்துக்குப் போய் மோட்டாரும் தொட்டியும் கேட்டுத் தீர்மானம் போடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. பிள்ளைகளைக் கழிப்பறை கழுவச் சொன்னால், அதிலும் சாதி பார்த்துச் சொன்னால், அது குற்றம். விடாதீர்கள். இன்னொன்று, கழுவும் அம்மாவிடம் யாராவது சொல்ல வேண்டும்: ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத கழிப்பறையில் மூச்சு முட்டிப்போகும்.

பள்ளிச் சுவரில் ஓர் அரசங்கன்று. மூன்று முறை வெட்டிவிட்டோம், மறுபடி முளைக்கிறது.
— உடற்கல்வி ஆசிரியர், தேனி

வெட்டினால் வேருக்குக் கொண்டாட்டம். செங்கல்லைப் பிரித்து வேரோடு எடுங்கள், இடுக்கைச் சாந்தால் அடையுங்கள். அரசமரத்தைத் தொடக் கூடாது என்று யாராவது தயங்கினால், கன்றைத் தொட்டியில் வைத்து ஊர் ஏரிக்கரையில் நடலாம். நான் அப்படி நட்டது இரண்டு இன்று நிழல் தருகிறது.

எங்கள் கல்லூரியின் பிரதானக் கட்டடத்துக்கு 120 வயதுக்கு மேல். மெட்ராஸ் டெரஸ் தளம். ஒழுகுகிறது. பழைய தட்டோட்டின் மேலேயே மூன்று அங்குலம் காங்கிரீட் போட்டு, சுவர்களுக்கு சிமென்ட் பூசி பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்துவிட்டால் இன்னும் நூறு வருடம் நிற்கும் என்று கான்ட்ராக்டர் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார். கையெழுத்துப் போடலாமா?
— முதல்வர், அரசு உதவிபெறும் கல்லூரி, திருச்சி

பேனாவை மூடி வையுங்கள் சார்.

உங்கள் தலைக்குமேல் என்ன இருக்கிறது என்று கான்ட்ராக்டருக்குத் தெரிந்த மாதிரி இல்லை. தேக்கு உத்திரம். அதன்மேல் நெருக்கமாகத் தேக்குக் கட்டைகள். கட்டைகளின்மேல் ஒரு அங்குலக் கனமே உள்ள சின்னச் செங்கல்லை நிமிர்த்தி, மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போயிருப்பார்கள். கீழே சாரமோ பலகையோ கிடையாது. கொத்தனார் வரிசை வரிசையாக வைத்துக்கொண்டே நகர்வார், முந்தின வரிசை அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கட்டை பட்டுத் துள்ளும்வரை அடிக்க வேண்டும் என்பது கணக்கு. கடைசியாகத்தான் தட்டோடு. நான் சேர்ந்த புதிதில் அப்படி அடித்த பாட்டிகள் இருவர் எங்கள் கோட்டத்திலேயே வேலை பார்த்தார்கள். காரை வெந்துவிட்டதா என்று கட்டையின் சத்தத்தை வைத்தே சொல்வார்கள். எங்களுக்கு அந்தக் காது வரவே இல்லை.

இந்தத் தளத்தின்மேல் மூன்று அங்குல காங்கிரீட்டா? 20-க்கு 30 அடி வகுப்பறைக்கு 150 கன அடி காங்கிரீட் ஆகும். 10 டன்னுக்கு மேல். இரண்டு பெரிய யானைகளை மாடியில் நிரந்தரமாகக் கட்டிவைப்பதற்குச் சமம். அதுவும் ஏற்கெனவே நனைந்து ஊறிய கட்டையின்மேல்.

சுவர் விஷயமும் அப்படியே. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் விட்டுவிடும். சிமென்ட்டும் எமல்ஷனும் அந்த வழியை அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே ஏறும். பூச்சு கொப்புளித்து, வெள்ளையாக உப்புப் பூத்து, மூன்றாம் வருடம் உரியும். 'பழைய சுவர் சரியில்லை' என்று அதே கான்ட்ராக்டர் மறுபடி வருவார். சென்னையில் மாநிலக் கல்லூரிக்காக ராபர்ட் சிஷோம் வடிவமைத்த கட்டடம் 1870-ல் திறந்தது. கடற்கரையில், உப்புக் காற்றில், 150 வருடத்துக்குமேல் நிற்கிறது. சுண்ணாம்பால் கட்டிய கட்டடத்தைச் சுண்ணாம்பாலேயே பராமரிப்பதுதான் முறை.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு, கட்டைகள் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒவ்வொன்றாகக் குத்திப் பாருங்கள். நடுவில் கல் மாதிரி இருக்கிற தேக்கு, சுவருக்குள் இருக்கும் ஒரு முழத்தில் மட்டும் ஈரத்தில் மக்கியிருக்கும், இல்லாவிட்டால் கரையான் தின்றிருக்கும். ஸ்க்ரூடிரைவர் சுலபமாக இறங்குகிற கட்டைகளுக்கு எண் போடுங்கள். அவற்றுக்கு உடனே கீழே முட்டுக் கொடுங்கள். அப்புறம் மாடிக்குப் போய் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். வாட்டம் செத்துப்போன இடத்தில் தட்டோட்டைப் பெயர்த்து, காரையைத் திருத்தி, ஓட்டைத் திரும்பப் பதித்து, இடுக்கு அடைத்தாலே ஒழுகல் பெரும்பாலும் நின்றுவிடும். வேலை மெதுவாகத்தான் நடக்கும். சுண்ணாம்பை நீற்றி ஊறவைக்கவே நாள் பிடிக்கும். எஸ்டிமேட் போடும்போது பழங்கட்டடப் பாதுகாப்பில் பழகிய பொறியாளரை வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துபோய்விட்டார்கள், ஆனாலும் செட்டிநாட்டுப் பக்கம் விசாரித்தால் கிடைப்பார்கள்.

கோவில்பட்டி பக்கம் எங்கள் உயர்நிலைப் பள்ளி. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். கோடையில் விரிகிறது, மழையில் மூடிக்கொள்கிறது. சிலர் பயமுறுத்துகிறார்கள்.
— அறிவியல் ஆசிரியர்

பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். கரிசல் மண். தண்ணீர் குடித்தால் பொங்கும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், அஸ்திவாரத்தையும் கூடவே ஆட்டிவைக்கும். இந்த மண்ணுக்கென்றே ரூர்க்கியில் உள்ள கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடியில் குமிழ் வைத்த குழி அஸ்திவாரத்தை உருவாக்கியது. உங்கள் பள்ளியில் அது இருக்க வாய்ப்பு குறைவு.

அறிவியல் ஆசிரியர்தானே, ஒரு பரிசோதனை செய்யுங்கள். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டி, தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. மாதாமாதம் அகலத்தை அளந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளையே கிராஃப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு கோடையிலும் போன கோடையைவிட அதிகம் விரிந்தால் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அதுவரை கட்டடத்தைச் சுற்றி நாலடி அகலத்துக்குச் சரிவாகத் தளம் போட்டு மழைத்தண்ணீரை விலக்குங்கள். சுவரை ஒட்டிக் கை கழுவும் தொட்டி இருந்தால் இடம் மாற்றுங்கள். விரிசலை சிமென்ட் வைத்து அடைக்க வேண்டாம், அது அடுத்த கோடைக்குத் திரும்பி வரும்.

நான் ஒரு சிறிய மெட்ரிக் பள்ளி நடத்துகிறேன். கட்டட உரிமம், உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் தடையின்மைச் சான்று என்று ஒவ்வொன்றுக்கும் அலைய வேண்டியிருக்கிறது. இத்தனையும் தேவைதானா?
— தாளாளர், சேலம் மாவட்டம்

அலைச்சல் எனக்கும் புரிகிறது. நாலு அலுவலகம், நாலு மேசை. ஆனால் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகினார்கள். சமையல் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. அந்த நாளுக்குப் பிறகு இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பவர்களுக்கு நான் இந்த ஒரு பதிலைத்தான் சொல்கிறேன்.

எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. கட்டடத்தை நேரில் பார்க்காமலேயே உறுதிச் சான்றில் கையெழுத்துப் போடும் ஆட்கள் இருக்கிறார்கள். உங்களிடம் வரும் பொறியாளர் மாடிக்கு ஏறவில்லை என்றால் அவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். அப்புறம், நாளைக் காலை மணி அடித்ததும் மாடிப்படியின் கீழ் இருக்கும் இரும்பு கேட் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் சாவி வாட்ச்மேனிடம் இருக்கும், வாட்ச்மேன் டீக்கடையில் இருப்பார்.

நாங்கள் 1994 பேட்ச். படித்த அரசுப் பள்ளிக்குச் செய்ய 3 லட்சம் சேர்ந்திருக்கிறது. ஸ்மார்ட் போர்டு வாங்கலாம் என்று பாதிப் பேர், சுவரில் ஓவியம் வரையலாம் என்று மீதிப் பேர். உங்கள் யோசனை?
— முன்னாள் மாணவர்கள், புதுக்கோட்டை

ஓவியம் அழகுதான். ஆனால் ஓதம் ஏறும் சுவரில் வரைந்த திருவள்ளுவர் அடுத்த ஐப்பசிக்குள் தாடி இழப்பார்.

ஒயரிங்கைப் பாருங்கள் முதலில். பல பள்ளிகளில் எர்த் கம்பி சுவரோடு நின்றுவிடும், குழி வரைக்கும் போகாது. எர்த் குழியைப் புதுப்பித்து, மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்சைப் பொருத்தி, மின்விசிறிக் கொக்கிகளைச் சோதித்தால் கொஞ்சம் பணம்தான் போகும். அதற்குப் பிறகு ஸ்மார்ட் போர்டு வாங்குங்கள், யார் வேண்டாம் என்றது? 2022-ல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழியாகக் கொடுத்தால் கணக்கும் சுத்தமாக இருக்கும்.

ஒரு வேண்டுகோள். முழுத் தொகையையும் செலவழித்துவிடாதீர்கள். நன்கொடையாக வந்த பொருள் பழுதானால் சரிசெய்ய யாருக்கும் நிதி ஒதுக்கீடு கிடையாது. பெயர்ப்பலகை மட்டும் பளபளக்கும், அதன் பக்கத்தில் ஆர்.ஓ. இயந்திரம் தூசி படிந்து நிற்கும். ஒரு லட்சத்தை அதற்கென்று தனியே வையுங்கள்.

எங்க ஸ்கூல் தொட்டித் தண்ணி பாசி வாசம் அடிக்குது அங்கிள். குடிக்கலாமா?
— எட்டாம் வகுப்பு மாணவன், அரியலூர்

வேண்டாம் தம்பி. தொட்டி மூடி உடைந்து வெயில் உள்ளே படுகிறது என்று நினைக்கிறேன். வெளிச்சம் பட்டால்தான் பாசி வரும். சாரிடம் சொல்லித் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, 1,000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் அந்தத் தண்ணீரை முழுக்க வெளியே விடச் சொல். அதை யாரும் குடிக்கக் கூடாது. தொட்டியின்மேல் கழுவிய தேதியைப் பெயிண்டால் எழுதச் சொல். நீ மேலே ஏறாதே.

நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இரவுக் காவலர். மாடிச் சாவி என்கிட்டதான் இருக்கு. மேலே போய்க் கூட்டவா என்று கேட்டால், "உன் வேலையைப் பாரு" என்கிறார்கள். மழை வந்தால் தண்ணி முழங்கால் அளவு நிக்குது. நான் என்ன செய்ய?
— பெயர் வேண்டாம், கடலூர் மாவட்டம்

அண்ணே, இந்த மாதம் வந்த கடிதங்களில் உங்களுடையதைத்தான் முதலில் படித்தேன். மழைத்தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறது. உள்ளே இலை, பறவைக்கூடு, நிச்சயமாக இரண்டு ரப்பர் பந்து இருக்கும். முழங்கால் தண்ணீர் என்றால் சதுர அடிக்கு 45 கிலோ பாரம். அவ்வளவு பாரம் தாங்கவென்று யாரும் அந்தத் தளத்தைக் கட்டியிருக்க மாட்டார்கள்.

தலைமையாசிரியரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். புரட்டாசி முடிவதற்குள் ஒரு தடவை, ஐப்பசி, கார்த்திகையில் ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் ஒரு தடவை மேலே போய் வர அனுமதி வாங்குங்கள். பகலில், இன்னொரு ஆளோடு. கைப்பிடிச் சுவர் ஓரத்தில் சாயாதீர்கள். குழாய் வாயில் கம்பி வலைக்குல்லா ஒன்று வாங்கிப் போடச் சொல்லுங்கள். மழை பெய்யும்போதும், இடி இடிக்கும்போதும் ஏற வேண்டாம்.

இறங்கி வரும்போது கதவைப் பூட்டிவிடுங்கள். பிள்ளைகள் பந்து எடுக்கக் காத்துக்கொண்டிருப்பார்கள். அந்த இரண்டு பந்தையும் அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.